சொல்லுக்கு ஊர் கேட்ட அக்கா

சுடச்சுட வாங்கிய மட்டன் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தின்னாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை என் வாழ்நாளில் ஒரு முறைதான் கண்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் அந்த அனெக்ஸுக்கு நான் குடிவந்த முதல் வாரம் அது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்கு மேலே, ஓர் அறையும் ஒரு குசினியும். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. இரண்டு பேரும் கந்தோரில் வேலை செய்கிறவர்கள், இரண்டு பேரும் தனி ஆட்கள். வாடகையைப் பாதி பாதியாகக் கட்டுவோம் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது.

"பிள்ளை, இந்த மட்டன் எவடம் எண்டு தெரியுமோ உமக்கு?" என்று கேட்டார்.

"சந்திக் கடையில வாங்கினதுதானே அக்கா."

"இறைச்சியைக் கேக்கேல்லை. சொல்லைக் கேக்கிறன். இங்கிலிசுக்காரன் பிரெஞ்சுக்காரனிட்ட எடுத்தவன். பிரெஞ்சுக்காரன் கெல்ட்டியரிட்ட எடுத்தவன். ஆடு வளத்தது அவையள்தான். ரோல் இருக்கே, அது லத்தீன். ரெண்டும் வெள்ளவத்தையில வந்து கலியாணம் கட்டியிருக்கு."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் கடித்தார். அதற்குள் ஆறிப்போயிருந்தது. எனக்கு இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று கவலை வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி "எவடம்?", எந்த ஊர் என்பதுதான். ஊரைச் சொன்னால் போதாது. ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, ஆருடைய பிள்ளை, தாய் எந்த ஊர் என்று போய், கடைசியில் எங்கோ ஒரு சித்தப்பாவின் மைத்துனரில் இருவரும் சொந்தமாகி, அதன் பிறகுதான் மூச்சு விடுவார்கள். சண்டைக் காலத்தில், அதுவும் கொழும்பில், அந்தக் கேள்வி தானாகவே செத்துப்போனது. ஊரைக் கேட்கிறவன் பொலிஸாக இருக்கலாம், பொலிஸுக்குச் சொல்லுகிறவனாக இருக்கலாம், இயக்கமாகவும் இருக்கலாம். பக்கத்து லொட்ஜில் மாதக் கணக்கில் தங்கியிருந்தவர்கள்கூடத் தண்ணீர்க் குழாயடியில் சந்தித்தால் மழையைப் பற்றித்தான் கதைத்தார்கள். எங்கள் அக்காவுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் சீவிக்க முடியவில்லை. மனிதரைக் கேட்க முடியாததால் அவர் சொற்களைக் கேட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். லொட்ஜில் இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே "எவடம் அக்கா."

கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் அவருக்கு வேலை. பிரெஞ்சு மொழியில் வரும் சரக்குக் கடிதங்களைப் படிக்கத்தான் மாலை வகுப்புக்குப் போய் அந்த மொழியைப் படித்தார். படிக்கத் தொடங்கியவர் கடிதத்தோடு நிற்கவில்லை. அந்த மொழியின் அடியில் இன்னொரு மொழி கிடக்கிறது என்று யாரோ வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அன்று பிடித்தது பைத்தியம்.

கெல்ட்டியர் என்றால் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பாதிக்கு மேல் பரவியிருந்த சனம். ரோமர்கள் வந்து அவர்களை அடித்துப் பிடித்தார்கள். அவர்களுடைய மொழி அங்கே மெல்ல மெல்லப் பேசுவாரில்லாமல் போனது. அயர்லாந்து, வேல்ஸ் என்று கடலோரத்தில் ஒதுங்கிய கொஞ்சப் பேரின் வாயில்தான் அந்தக் குடும்பத்து மொழிகள் மிஞ்சின. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொல்லக் கேட்டதுதான்.

"ஆனா முழுக்கப் போகேல்லை பிள்ளை," என்பார். "பிரெஞ்சில சேத்துக்குச் சொல்லுறது அவையளின்ர சொல். தேன்கூடு, கலப்பை, வழி, ஓக் மரம், வானம்பாடி, எல்லாம் அவையளின்ர. ஸ்பெயின்காரன் பியருக்குச் சொல்லுறதும் அவையளின்ர. சட்டம், கந்தோர், படிப்பு எண்டு பாத்தீரெண்டால் முழுக்க ரோமன். வெண்டவன் கந்தோருக்குள்ள கதைச்சவன். தோத்தவன் சேத்துக்கையும் பட்டியடியிலையும் கதைச்சவன். சேத்துக்கை கதைச்சது இண்டைக்கும் கிடக்கு."

இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் பயற்றை அடுப்பில் கருக விட்டார். குசினிக்குள் கெல்ட்டியர் வரக்கூடாது என்று நான் அன்றே சட்டம் போட்டேன். "சரி, சரி," என்றார். மறுநாள் என்னுடைய பழைய டிரவுசர் துண்டால் பானை பிடித்து இறக்கும்போது, "டிரவுசரும் அயர்லாந்துப் பக்கத்துச் சொல்தான்" என்று மெல்லிய குரலில் சொன்னார். அவரை என்ன செய்ய முடியும்?

ஒழுங்கையில் கிரவல் கல் கொட்டினால் அதற்கு ஊர் கேட்பார். வானொலியில் பட்ஜெட் என்றால் அது கெல்ட்டியரின் தோல் பை என்பார். லொட்ஜில் இருந்த ஒரு பெடியன் எம்பசி நேர்முகத்துக்குப் போகும்போது பயத்தில் வியர்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் போய், "தம்பி, பயப்படாதேங்கோ. எம்பசி எண்ட சொல்லின்ர வேர் கெல்ட்டியரில வேலையாள்" என்று சொல்லி அனுப்பினார். அவனுக்கு விசா கிடைக்கவில்லை. திரும்பி வந்தவன், "அக்கா, வேலையாளே இப்பிடி எண்டால் முதலாளி எப்பிடி இருப்பான்?" என்று கேட்டான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவனுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார்.

எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டு ஒரு அம்மா வந்தபோது நடந்தது இன்னும் மோசம். மாப்பிள்ளை சுவிஸில் என்று அந்த அம்மா சொன்னதுதான் தாமதம், அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சுவிஸோ! அந்த நாட்டுக்குத் தபால் முத்திரையில போடுற பேரே ஒரு கெல்ட்டியச் சாதிசனத்தின்ர பேரெல்லே" என்று தொடங்கினார். வந்தவருக்குச் சாதி என்ற சொல் மட்டும்தான் விளங்கியது. முகம் மாறி எழும்பிப் போய்விட்டார். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்தபோது எனக்கும் பெரிய விருப்பம் இருக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

இத்தனைக்கும் அவர் தன் ஊரை யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால், "பருத்தித்துறைப் பக்கம்" என்று முடித்துவிடுவார். வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதியவேண்டும் என்பதால் இருவரின் அடையாள அட்டைகளையும் நான்தான் கொண்டுபோனேன். அப்போதுதான் பிறந்த இடத்தைப் பார்த்தேன். பெயரைக் கேட்டாலே வீதிச் சென்றியில் காவல் நிற்பவன் துவக்கைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் ஊர் அது. அந்த ஊரில் பிறந்த குற்றத்துக்காக எத்தனையோ பேர் உள்ளே இருந்தார்கள். ஊர் ஊராக விசாரிக்கும் மனுசி தன் ஊரை மட்டும் "பக்கம்" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தார். பார்த்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. மனதுக்குள் பாவமாக இருந்தது.

வெளியே போகும்போது, தமிழர் என்று தெரியாதிருக்க, இருவரும் பொட்டைக் கழற்றிவிடுவோம். நான் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவேன். அவர் தன் கைக்கடிகாரத்தின் பட்டியில் ஒட்டிக்கொள்வார், வீடு வந்ததும் எடுத்து நெற்றியில் வைக்க வசதியாக. "அதுவும் என்னோட வெளியில வரட்டுமே" என்பார்.

அன்று சனிக்கிழமை. கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு நூலகத்தில், ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பருமனில் ஒரு பிரெஞ்சு அகராதி இருந்தது. மாதத்தில் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்குக் கந்தோர் அரை நாள் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி பஸ் ஏறும்போதே அவர் முகம் ஒரு மாதிரிப் பூரித்திருந்தது. மூன்று பேர் இருக்கும் சீற்றில் நான் சன்னலோரம், அவர் நடுவில். ஓரத்தில் முன்பே ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டையும் பாவாடையும் போட்டிருந்தாள்.

"பிள்ளை, கரத்தை!" என்றார் என் காதுக்குள்.

"என்ன கரத்தை?"

"எங்கட கரத்தை. மாட்டுக் கரத்தை. போத்துக்கேயன் குடுத்த சொல் எண்டு தெரியும். அவனுக்கு லத்தீன் குடுத்தது. லத்தீனுக்குக் குடுத்தது ஆர்? கெல்ட்டியர்! காரும் அதுதான், கார்கோவும் அதுதான். நான் கந்தோரில நாள் முழுக்க எழுதுற கார்கோ! சிங்களவனும் கரத்த எண்டுறான், நாங்களும் கரத்தை எண்டுறம். ஆரோ தோத்துப்போன சனத்தின்ர வண்டியில ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் ஏறி இருந்திருக்கிறம்."

குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. காலி வீதி பஸ்ஸில், அந்த நாட்களில், தமிழில் இவ்வளவு சந்தோசமாக யாரும் கதைப்பதில்லை. நான் அவர் தொடையில் கிள்ளினேன். அடங்கினார். ஆனால் அந்தச் சந்தோசம் அவருக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய நெற்றியில், இரு புருவத்துக்கும் நடுவே, வட்டமாகக் கொஞ்சம் வெளுத்த அடையாளம். எங்கள் நெற்றிகளிலும் இருந்த அதே அடையாளம்.

"நீங்கள் எவடம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதை நான் பார்த்தேன். எழுந்தாள், நின்றவர்களை இடித்துத் தள்ளினாள், பஸ் மெதுவாகியதும் குதித்தாள். பம்பலப்பிட்டியில் சனத்தோடு சனமாகப் போய்விட்டாள். அவளுடைய பை சீற்றுக்குக் கீழே இருந்தது.

காலியான இடத்தில் ஒருவர் வந்து இருந்தார். அவருடைய கால் பையில் தட்டியது. குனிந்து பார்த்தார். "மேக காகெத?" என்றார், இது யாருடையது என்று. நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அடுத்த முறை அவர் கேட்டது சத்தமாக. அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. குண்டு என்ற சத்தம், சன்னலால் குதித்தவர்கள், செருப்புகள், அழுத குழந்தை. ஒரு நிமிடத்தில் பஸ் வெறுமையாகி நடுவீதியில் தனியாக நின்றது. கொண்டக்டர் எங்கள் அக்காவைக் கை நீட்டிக் காட்டி, ஓடினவளோடு தமிழில் கதைத்தது இந்த நோனாதான் என்று பொலிஸுக்குச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதானே.

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். சார்ஜன்ட் வயதானவர், பல்வலிக்காரர்போலக் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கதையெல்லாம் சிங்களத்தில்தான். அக்காவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும்.

"கம கொஹெத?" என்றார் முதல் கேள்வியாக. ஊர் எது?

"வெள்ளவத்தை."

"அது ஊரில்லை. பிறந்த ஊர்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா "பக்கம்" என்று சொல்லவில்லை. ஊரின் பெயரை முழுதாகச் சொன்னார். சார்ஜன்ட் கன்னத்தில் இருந்த கையை எடுத்தார்.

"அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. ஊர் எது என்று கேட்டேன்."

"முன்பின் தெரியாதவளிடம் எதற்கு ஊர் கேட்கிறாய்?"

"இப்போது நீங்கள் என்னிடம் கேட்டீர்களே."

என் உயிர் போய் வந்தது. அக்கா அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? எங்கள் சனத்துக்கு அது வழக்கம் என்றும், அன்றைக்குத் தான் ஒரு சொல்லின் ஊரைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் வாய் தவறிவிட்டது என்றும் சொன்னார். என்ன சொல் என்று சார்ஜன்ட் கேட்க, கரத்தையைத் தொடக்கத்தில் இருந்து ஓட்டத் தொடங்கினார். பொலிஸ் நிலையத்தில், அந்த ஊரின் பெயரைச் சொன்ன பிறகு, கெல்ட்டியர்!

"எங்கள் தாத்தா கரத்தை ஓட்டினவர்," என்றார் சார்ஜன்ட். "அவர் வெள்ளைக்காரனா?"

"அவர் உங்கள் ஆள்தான் மஹத்தயா. சொல்தான் தூரத்தில் இருந்து வந்தது."

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். அந்த நேரம் ஒரு கான்ஸ்டபிள் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வடிய உள்ளே வந்தான். தும்மித் தும்மித்தான் விசயத்தைச் சொன்னான். கயிறு கட்டி இழுத்துப் பையைக் கிழித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சேலை, இரண்டு ஓலைக் குட்டான் பனங்கட்டி, ஒரு பெரிய பொட்டலம் யாழ்ப்பாண மிளகாய்த் தூள். பொட்டலம் வெடித்து, நின்றவர்கள் எல்லாருக்கும் தும்மல். நான் சிரித்துவிட்டேன். எனக்கே தெரியாமல் வந்த சிரிப்பு, அதோடு சேர்த்து அழுகையும். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

"தூள்தான் என்றால் அவள் ஏன் ஓடினாள்?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

ஓடினவள் யார் என்று தெரியாமல், அதுவும் இப்படி ஓர் ஊரில் பிறந்தவரை, தன்னால் விட முடியாது என்றார். பெரிய ஐயா பின்னேரம் வருவாராம். வந்தால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவாராம். பிறகு தன் கையில் ஒன்றுமில்லையாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேலிடத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் எப்போது திரும்பினார்கள் என்பது வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும்.

வாங்கில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். "நீர் வீட்டை போம் பிள்ளை," என்றார். "உம்மை ஒண்டும் கேக்கேல்லைத்தானே."

"பேசாமல் இருங்கோ."

"அந்தப் பிள்ளையை நான் பயப்படுத்திப் போட்டன்."

"அவ வந்து ஒரு சொல்லுச் சொன்னால் உங்களை விட்டுடுவாங்கள்."

"ஐயோ, வரக்கூடாது. வந்தால் அவவையும் பிடிச்சு வைப்பாங்கள். ஆர் பெத்த பிள்ளையோ."

எனக்கு அவரில் வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் தலைக்கு மேல் கத்தி தொங்க, முகம் தெரியாத ஒருத்திக்காகக் கவலைப்படுகிறார். அவள் வரவேண்டும், வரவேண்டும் என்று நான் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கும்பிட்டேன். அவள் பிறகு என்ன ஆவாள் என்று நான் யோசிக்கவில்லை. இதில் எனக்கு வெட்கமும் இல்லை. எனக்கு இருந்தது ஒரு அக்கா.

வெயில் சாய்ந்து வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. அந்தப் படியில் அவள் வந்து நின்றாள். தலை கலைந்து, சட்டை வியர்வையில் நனைந்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"அது என்ர பை," என்றாள் தமிழில். பிறகு தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களில் அதையே திருப்பிச் சொன்னாள்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். சார்ஜன்ட் அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தார்.

கதவு திறந்தது. சார்ஜன்ட் அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருக்கிறாளாம், பதிவெல்லாம் சரியாம், தெஹிவளையில் ஒரு உறவினருக்குச் சாமான் கொண்டு போனவளாம். மூன்று பேரையும் ஒன்றாக நிற்கவைத்து ஏசினார். பஸ்ஸில் ஏறினால் வாயைப் பொத்திக்கொண்டு போகவேண்டும் என்றார். பிறகு, பெரிய ஐயாவின் ஜீப் வரும் முன் போங்கள் என்று கையை அசைத்தார். பனங்கட்டியைத் தேடித் தந்தார்கள். ஒரு குட்டான்தான் மிச்சம்.

வெளியே வந்து காலி வீதி நடைபாதையில் நின்றோம். இவ்வளவு சுகமான காற்று அந்த வீதியில் அடித்ததை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. புகை, ஹோர்ன் சத்தம், சோளப்பொரி விற்கிறவனின் மணி, எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. விட்டுவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பாமல் நின்றார். "நான் கேட்டிருக்கக்கூடாது," என்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி."

"பயந்துதான் ஓடினனான் அக்கா. ஆரோ என்னைக் காட்டிக் குடுக்கப் போகினம் எண்டு நினைச்சிட்டன். கொஞ்சத் தூரம் போய் ஒரு கடைவாசலில நிக்கேக்க பஸ்ஸைச் சுத்திச் சனம். உங்களைக் கொண்டுபோறதைக் கண்டனான். போவம் போவம் எண்டு மூண்டு தரம் இந்த வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பினனான்."

"பிறகேன் அம்மா வந்தனீங்கள்?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அவள் பனங்கட்டிக் குட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொழும்புக்கு வந்த நாளில இருந்து சென்றியில கேட்டவங்கள், பொலிஸில கேட்டவங்கள். எங்கட சனத்தில ஒருத்தர்கூட என்னை எவடம் எண்டு கேக்கேல்லை. நான் இருக்கிற லொட்ஜில முப்பது பேர் இருக்கினம். இந்த அக்காதான் கேட்டவ. சிரிச்சுக்கொண்டு கேட்டவ. இப்ப கேளுங்கோ, சொல்லுறன்."

அக்காவின் வாய் திறந்தது, மூடியது. கடிகாரப் பட்டியில் இருந்த பொட்டை நகத்தால் கிளப்பப் பார்த்தார், அது வரவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

ஒரு பஸ் எங்களைக் கடந்து போய்ச் சத்தம் அடங்கும் வரை நின்றேன். பிறகு அந்த நடைபாதையில், சனத்துக்கு நடுவில், நல்ல சத்தமாகத் தமிழில், நான் கேட்டேன்:

"நீங்கள் எவடம்?"